ஒரு ஸ்டவ்வில் இருநூறு பேருக்கு வெந்நீர்

தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது பாத்திரத்தை மூடி வைக்க வேண்டும். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கூடலூரில் பத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்பது வீட்டில் திறந்துபோட்டுத்தான் கொதிக்க விடுகிறார்கள். ஆவி கூரைக்குப் போகிறது, விறகு சாம்பலாகிறது, அந்த வீட்டுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். நான் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறேன். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், வீட்டுக்குப் போய் மறுபடியும் திறந்துதான் வைப்பார்கள்.

எஸ்.ஐ. ஐயா, நீங்கள் கேட்டது இது இல்லை என்பது எனக்குத் தெரிகிறது. போன செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்து, பிச்சையம்மாள் உங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஏழு பேரைக் கொன்னவ நாந்தேன், என்னைய உள்ள வைங்க" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய விஷயம், நீங்கள் இந்த ஊருக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது, அதனால் அப்போது எதிர்க்கடை வைத்திருந்த நான் தெரிந்ததை எழுதித் தர வேண்டும் என்றீர்கள். நான் எழுதுவதை வைத்துத்தான் அவள் மனுவை முடிக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். உள்ளபடியே எழுதுகிறேன். ஆனால் எல்லாம் தண்ணீரில் ஆரம்பித்த விஷயம், ஆகவே தண்ணீரிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் பலவேசம். எங்கள் அப்பாவுக்குத் தேனி பஜாரில் பாத்திரக் கடை. தவழ்கிற வயதிலிருந்தே பித்தளைக்கும் செம்புக்கும் நடுவில் வளர்ந்தவன் என்பதால், எந்தப் பாத்திரம் சீக்கிரம் சூடேறும், எது சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுபத்தெட்டில் கூடலூர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடை போட்டேன். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காயெடுக்கவும் போகிற பெண்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே கூடிவிடுவார்கள். ஒரு ஜீப்பில் எட்டுப் பேர் உட்காரலாம் என்றால் பதினெட்டுப் பேரை ஏற்றுவார்கள். ஜீப் நிறைந்தால் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. ஆகவே என் கடையில் எதுவும் உடனே கையில் கொடுக்கிற பதத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டீக்குத் தனியாக ஒரு பாய்லர் உண்டு. குடிக்கிற தண்ணீருக்கு நான் வைத்திருந்தது ஒரே ஒரு பித்தளைப் பம்ப் ஸ்டவ். வாரம் ஒருமுறை பின் போட்டு ஓட்டையைச் சுத்தம் செய்வேன். தீ நீலமாக எரியும், பாத்திரத்தின் அடியை விட்டு ஒரு விரற்கடை வெளியே வராது. வெளியே வருகிற தீ காற்றுக்குச் சமைக்கிற தீ. பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் அன்றன்றே சுரண்டி எடுப்பேன். மூன்று லிட்டர் பிடிக்கிற செம்புக் கூஜா, அடி தட்டை, மூடி இறுக்கமானது. பன்னிரண்டு நிமிஷத்தில் கொதி வந்துவிடும். மண்ணெண்ணெய்க்கு ஊரே க்யூவில் நின்ற காலத்தில், என் கடையில் ஒரு டின் பத்து நாள் வரும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பிச்சையம்மாள் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். கடை என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். நாலு தகரம், ஒரு விறகடுப்பு, அதன்மேல் அவள் கல்யாணத்துக்கு வந்த செம்பு அண்டா. இட்லியும் சுக்குக் காப்பியும் விற்பாள். அவள் புருஷன் சுருளிவேல் ஸ்டாண்டில் ஜீப் மேல் மூட்டை கட்டுகிறவன், குமுளி குமுளி என்று கூவி ஆள் சேர்க்கிறவனும் அவன்தான். நல்ல மனுஷன். அவன் குரலைக் கேட்டுத்தான் நான் காலையில் கடையே திறப்பேன்.

எழுபத்து மூன்று ஐப்பசியில் மழை விடாமல் ஒரு வாரம் பெய்தது. ஊரில் எல்லாக் கடைக்கும் வாய்க்காலுக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் செம்மண் கலரில் வந்து, இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் எல்லாரும் மறந்துபோனோம். பள்ளத்துத் தெருவில் இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்ட பிறகுதான் சுகாதார ஆய்வாளர் சண்முகராஜ் சைக்கிளில் கடை கடையாக வந்தார். கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும்தான் கொடுக்க வேண்டும், இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும், இல்லையென்றால் கடைக்குப் பூட்டு என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் கிழக்கே இருந்து வந்தவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பதிமுகம் என்று ஒரு மரம், அதன் சிராயைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவைப்பார்கள், தண்ணீர் ரோஜாப்பூ கலருக்கு வந்துவிடும். எஸ்டேட் சூப்பர்வைசர்கள் எல்லாரும் இதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் ஊரிலும் பழகிப்போய்விட்டது. கூடலூரில் யாரையாவது கேளுங்கள், சிவந்த தண்ணீர் என்றால் கொதித்த தண்ணீர், வெள்ளைத் தண்ணீர் என்றால் பச்சைத் தண்ணீர். கொதித்ததா என்று யாரும் கேட்பதில்லை. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சண்முகராஜும் அதைத்தான் சொன்னார்.

"எல்லாக் கடையிலயும் பதிமுகம் போடுங்க. செவப்பா இருந்தா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை, எனக்கும் பாத்த உடனே தெரிஞ்சிரும்."

நான் அன்றே குமுளியிலிருந்து ஒரு பை சிராய் வரவழைத்தேன். பிச்சையம்மாள் வாங்கவில்லை. அவளுக்கு அது பிடிபடவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"செவப்பைப் போட்டா கொதிச்சதாயிருமா அண்ணாச்சி? தீயைப் போட்டாத்தான கொதிக்கும்."

"தண்ணி கொதிச்சது ஒனக்குத் தெரிஞ்சாப் போதுமா ஆத்தா? குடிக்கிறவுகளுக்குத் தெரியணும்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாட்கள் முழுக்க அவள் அண்டா விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருந்தது. மூடிகூடப் போடமாட்டாள். கொதிக்கிறது கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். எவ்வளவு விறகு வீணாகிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இப்போது என் முறையைச் சொல்கிறேன். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் என் கடையில் தண்ணீர் குடிக்கிறவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள் வேறு. அத்தனையையும் இருபது நிமிஷம் கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ்வால் முடியாது. இன்னொரு ஸ்டவ் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீரை யாராலும் குடிக்க முடியாது. அதை ஆற வைக்க வேண்டும். ஆற வைக்கத்தான் போகிறோம் என்றால் அத்தனையையும் எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஆகவே கூஜாவில் ஒரு கைப்பிடி சிராயைப் போட்டு, டிகாக்ஷன் மாதிரிக் கருஞ்சிவப்பாகக் கொதிக்க வைத்தேன். அது ஒரு பங்கு. அதோடு கிணற்றுத் தண்ணீர் நாலு பங்கு. கலந்தால் அருமையான ரோஜா கலர், நாக்குப் பொறுக்கிற வெதுவெதுப்பு. கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஜீப்பில் தொற்றிக்கொள்ளலாம். ஏழரை மணிக் கூட்டத்தில் டிகாக்ஷன் குறையும்போது எட்டுப் பங்கு வரைக்கும் போகும். அப்போதும் கலர் நன்றாகவே இருக்கும், சூடுதான் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு சூப்பர்வைசர் தினமும் குடித்துவிட்டு, நல்ல தண்ணீர் என்பதை மலையாளத்தில் "நல்ல வெள்ளம்" என்று சொல்லிவிட்டுப் போவார். சண்முகராஜ் கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்து, மற்றக் கடைக்காரர்களிடம் என்னைக் காட்டி, "அண்ணாச்சியப் பாருங்கய்யா, ஒரு ஸ்டவ்வுல எம்புட்டுப் பேருக்குக் குடுக்குறாக" என்றார்.

ஏலக்காய் எடுக்கிற பெண்களில் ஜக்கம்மா என்று ஒருத்தி. வாயாடி, ஆனால் கபடம் இல்லாதவள். மூன்று கிளாஸ் குடித்துவிட்டுத் தூக்குவாளியையும் நீட்டுவாள். "அண்ணாச்சி தண்ணி நேரா வவுத்துக்குள்ள எறங்கிருது, ஆத்தவே வேணாம்" என்று ஜீப்பிலிருக்கிற மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள். எனக்கு அது நல்ல விளம்பரமாக இருந்தது.

சுருளிவேலும் என் கடையில்தான் குடித்தான். இது பிச்சையம்மாளுக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவள் காலையில் முதல் கிளாஸை அவனுக்குத்தான் கொடுப்பாள். ஆவி பறக்கும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாலும் கொதிக்க வைத்தது வீண் என்று பிடிவாதம், விளாவிக் கொடுக்கவே மாட்டாள். அவன் கையில் வாங்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் வந்து நிற்பான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் ரோட்டோரத்தில் ஊற்றிவிட்டு என் கடைக்கு வருவான்.

"அண்ணாச்சி, அவ தண்ணி நாக்கப் பொசுக்குது. ஜீப்பு கெளம்பப் போகுது, நம்ம தண்ணியக் குடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீக, சங்கடப்படுவா."

நான் சொல்லவில்லை. என்னிடம் ஒரு ரகசியம் சொன்னால் அது காதும் காதும் வைத்ததுபோல இருக்கும்.

பதினெட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரே நாளில் நாலு பேர் விழுந்தார்கள். நாலு பேரும் ஏழரை மணி ஜீப்பில் போனவர்கள். ஜக்கம்மா எஸ்டேட்டிலேயே விழுந்து, கீழே கொண்டுவருகிற வழியில் போய்விட்டாள். அடுத்த நாள் இன்னும் மூன்று பேர், அதில் ஒருத்தன் சுருளிவேல். அவன் மட்டும் இரண்டு நாள் கிடந்தான். பிச்சையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, தகரத்தைச் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் அவனோடேயே இருந்தாள். ஏழு பேரும் போனார்கள்.

அந்த இரண்டு நாளும் எனக்கு இருந்தது பயம். அதை ஒளிக்கவில்லை. துக்கம் பிறகுதான் வந்தது, அதிலும் ஜக்கம்மாவை நினைத்துத்தான் அதிகம்.

சண்முகராஜ் வந்தபோது ஜீப் டிரைவர் கருத்தக்கண்ணனும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் கூடவே வந்தார்கள். எல்லாருக்கும் முகம் வெளிறிப்போயிருந்தது. செத்தவர்கள் எல்லாரும் ஸ்டாண்டில் தண்ணீர் குடித்தவர்கள் என்பதுவரை தெரிந்துவிட்டது. ஸ்டாண்டில் தண்ணீர் கொடுப்பது இரண்டே கடை. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. நான் வாயைத் திறக்கவே இல்லை ஐயா, எல்லாரும் தாங்களாகவே ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பினார்கள். சுருளிவேல் பெயரும் செத்தவர்களில் இருந்தது. கட்டின புருஷன் அவள் கடையில் இல்லாமல் வேறெங்கே குடித்திருப்பான் என்று கருத்தக்கண்ணன் கேட்டான். அதற்கு மேல் யாருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சண்முகராஜ் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார், அவர் நியாயமான மனுஷன்.

"அண்ணாச்சி, எதுத்தாப்ல இருக்கீக. அந்தம்மா ஒழுங்காக் கொதிக்க வைக்குதா?"

"கொதிக்க வைக்குது சார். ஆவி வருது. எம்புட்டு நேரம்னு நான் பாத்ததில்ல" என்றேன்.

பொய் என்று ஒரு வார்த்தை இதில் கிடையாது. கடிகாரம் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதை அவர் கேட்கவில்லை.

அவள் கடைத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் கெட்ட தண்ணீர் என்று முடிவு வந்தது. கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். அதற்குள் ஸ்டாண்டுக்காரர்கள் அடுப்பை உடைத்து, அண்டாவை மிதித்து நெளித்துவிட்டிருந்தார்கள். போலீஸ் கேஸ் ஆகவில்லை, புருஷனையே பறிகொடுத்தவள் என்று விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க எதுத்தாப்லதான இருந்தீக. என் அண்டா கொதிச்சுச்சா இல்லையா? பாத்தீகள்ல?"

"ஆவி வந்துச்சு ஆத்தா" என்றேன். "ஆவி வந்தா நல்லாக் கொதிச்சுச்சுன்னு சொல்லிற முடியுமா?"

பிறகு அவளாகவே ஒன்றைச் சொன்னாள். நாலு பேர் விழுந்ததற்கு முந்திய வெள்ளிக்கிழமை அடுப்பு முன்னாலேயே கண்ணசந்துவிட்டாளாம். முழித்தபோது அண்டா கொதித்துக்கொண்டுதான் இருந்ததாம். ஆனால் அதற்கு முன்னால் தீ அணைந்திருந்து, அப்போதுதான் மறுபடி பிடித்ததோ என்னவோ என்றாள்.

"அப்பிடித்தான் ஆத்தா இருக்கும்" என்றேன்.

ஒரு மனுஷிக்குக் காரணம் தெரியாமல் இருப்பதைப்போல வேதனை வேறில்லை. அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அதை நான் தட்டிப் பறிக்கவில்லை.

அவளை நான் கைவிடவில்லை என்பதை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். என் கடையிலேயே கிளாஸ் கழுவ வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் சிலர் முகம் சுளித்தார்கள், அண்ணாச்சிக்கு இது தேவையா என்றார்கள். நான் பொருட்படுத்தவில்லை. ஸ்டவ் பக்கம் மட்டும் அவள் வரமாட்டாள், அது அவளாகவே போட்டுக்கொண்ட விரதம். நான் கூஜாவைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒவ்வொரு வருஷமும் சுருளிவேல் திதியன்று அதே கேள்வியைக் கேட்பாள், நானும் அதே பதிலைச் சொல்வேன். ஜக்கம்மா வீட்டுக்கு வருஷா வருஷம் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருவாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த அளவுக்கு மனசாட்சி உள்ள பெண் ஐயா அவள். இந்த வருஷம் எதனால் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள் என்று தெரியவில்லை. உடம்பு தளர்ந்துவிட்டது, போவதற்கு முன்னால் தண்டனையை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

உள்ளபடி எழுதச் சொன்னதால், விட்டுப்போன இரண்டை எழுதிவிடுகிறேன்.

ஒன்று, அந்தச் சோதனைப் பாட்டில். அவள் கடையில் இரண்டு பாத்திரம் இருந்தன. அண்டா ஒன்று. கிளாஸ் கழுவக் கிணற்றிலிருந்து அப்படியே கொண்டுவந்து வைத்த மண்தொட்டி ஒன்று. அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் புருஷன் உடம்போடு இருந்தாள். சண்முகராஜ் தகரத்தைத் திறந்துவிட்டு, "இதுல குடிக்கிற தண்ணி எது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அண்டாவில் பாதி மிச்சமிருந்தது. நான் தொட்டியைக் காட்டினேன்.

இரண்டாவது, ஜக்கம்மா செத்த அன்றைக்கே நான் இரண்டு விறகடுப்பு போட்டேன். அன்றிலிருந்து மூன்று வாரம் என் கடையில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் கலக்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு அரை மணியாகவே கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். முந்தியே குடித்திருந்து மறுநாள் விழுந்த அந்த மூன்று பேருக்குப் பிறகு ஸ்டாண்டில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பிச்சையம்மாள் கடையைப் பூட்டியதால்தான் நின்றது என்று சண்முகராஜ் ரிப்போர்ட் எழுதினார். எனக்கு வாசித்தும் காட்டினார். நன்றாக இருக்கிறது சார் என்றேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். விழுந்த ஏழு பேரும் என் தண்ணீரைக் குடித்தவர்கள். ஏழு பேரும் டிகாக்ஷன் குறைந்துபோன பிறகு, எட்டுப் பங்குக் கலப்பில் குடித்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் கிளாஸை நான்தான் கொடுத்தேன், ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. பிச்சையம்மாள் கடையில் குடித்த ஒருவருக்கும் ஒரு ஏப்பம்கூட மாறி வரவில்லை. இதை அந்த இரண்டாம் நாளே கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு, அவளைக் காட்டினேன். அவள் புருஷன் என் கடையில் குடித்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கடை பிழைத்திருக்கும், என் கடையை உடைத்திருப்பார்கள். அவளுக்கு ஒரு தகரக் கொட்டகைதான் போனது, எனக்கு என்றால் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இதற்கு என்ன சட்டமோ அதன்படி செய்துகொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அவளுக்காகச் சொல்கிறேன். தான் கொடுத்த தண்ணீரைப் புருஷன் ரோட்டில் ஊற்றிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்க் குடித்தான் என்பதை இந்த வயதில் ஒரு பெண் கேட்கலாமா? ஒன்பது வருஷமாக ஒன்றை நம்பி, அதற்காக விரதம் இருந்து, கும்பிட்டு, ஒருமாதிரி பழகிப்போய்விட்டாள். அதைப் பிடுங்கினால் அவளிடம் என்ன மிஞ்சும்? கூப்பிட்டு, விசாரித்தோம், கேஸ் பழசு, நீ போய் வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நானும் வழக்கம்போலப் பார்த்துக்கொள்கிறேன்.

செய்ததை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் என் முறையைக் குறை சொல்லிவிடக் கூடாது. அது அந்த வருஷத்து மழை, அந்த வருஷத்துக் கிணறு. மூன்று வாரம் விறகை வாரிக் கொட்டிவிட்டு, நாலாவது வாரம் பழையபடி ஒரு ஸ்டவ்வுக்கே வந்துவிட்டேன். இன்றுவரை அதே கூஜா, அதே நாலு பங்கு. பிச்சையம்மாளும் அதைத்தான் குடிக்கிறாள். செவ்வாய்க்கிழமை நீங்கள் வெயிலில் என் கடைக்கு வந்து உட்கார்ந்ததும் அவள் உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தாளே, கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இரண்டு கிளாஸ் குடித்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே ஐயா.